இயங்குதளம் மாறும்போது எங்கே தடுக்கிறது?

கூமாப்பட்டி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பு, அதைத் தாண்டி பிளவக்கல் அணைக்குப் போகிற வழி’ என்று முன்பெல்லாம் விளக்க வேண்டியிருக்கும். 2025 ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்த வேலை இல்லை. கைப்பேசியில் எடுத்த சில ரீல்ஸ் காணொலிகள் எங்கள் ஊரை உலகம் முழுவதும் உள்ள தமிழர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. விடுமுறை நாள்களில் வெளியூர் வாகனங்கள் வழி கேட்டு நிற்கின்றன.

இங்கே பலரிடமும் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி. அதன் உட்கரு லினக்ஸ். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய அதே லினக்ஸ்தான். பட்டன் கைப்பேசியிலிருந்து தொடுதிரைக்கு மாறியபோது எங்கள் ஊரில் யாரும் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. வயலுக்குப் போகிறவரும் பூக்கடை வைத்திருப்பவரும் தாமாகவே பழகிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில், ‘லினக்ஸெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது சார்’ என்ற பேச்சு எழுந்தது. ஒரு இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் உண்மையில் எது கடினம், எது வெறும் பயம் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். அந்த அனுபவமும், அதை ஒட்டிப் படித்தறிந்தவையும் மற்றப் பள்ளிகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பேச்சு எழுந்த காரணம்

2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு வழக்கமான திருத்தங்கள் வராது. ஊர் ஊராகப் பென்டிரைவ் சுற்றும் நம் பள்ளிச் சூழலில் இது சிறிய விஷயம் அல்ல.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த மேசைக்கணினி அதற்கு முந்தையது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பழைய இரும்புக்குப் போடுவதா, ஆபத்தோடு தொடர்வதா, வேறு இயங்குதளத்துக்கு மாறுவதா என்று மூன்று வழிகள் முன்னால் இருந்தன. தலைமையாசிரியர் மூன்றாவதை அந்த ஒரு கணினியில் மட்டும் பார்க்கச் சொன்னார்.

‘எளிது’ என்றால் என்ன?

‘லினக்ஸ் கடினம், விண்டோஸ் எளிது’ என்று சொல்லும்போது, எளிமை ஏதோ அந்த மென்பொருளுக்குள் இருக்கும் குணம் போலப் பேசுகிறோம். ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலை இதை வேறு விதமாக வரையறுக்கிறது. குறிப்பிட்ட பயனாளர்கள், குறிப்பிட்ட சூழலில், தங்கள் குறிப்பிட்ட வேலைகளை எவ்வளவு சரியாகவும், குறைந்த உழைப்பிலும், மனநிறைவோடும் முடிக்கிறார்கள் என்பதே பயன்பாட்டு எளிமை. ஆகவே யாருக்கு, எங்கே, எந்த வேலைக்கு என்ற மூன்றையும் சொல்லாமல் ஒரு கணினி எளிது என்றோ கடினம் என்றோ சொல்ல முடியாது.

பழக்கத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பத்தாண்டுகளாக ஒரே மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்திய விரல், அந்தப் பொத்தான் இடம் மாறினால் தடுமாறும். புதிய இடம் நல்ல இடமாகவே இருந்தாலும் முதல் சில நாள்கள் எரிச்சல் வரும். வீட்டில் உப்பு டப்பாவை யாராவது இடம் மாற்றி வைத்தால் வரும் அதே எரிச்சல்தான்.

ஜான் கரோல், மேரி பெத் ராசன் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கணினியைப் பயன்படுத்துவோர் கையேட்டைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை என்று காட்டினார்கள். கையிலிருக்கும் வேலையை உடனே முடிக்கவே பார்ப்பார்கள். தெரிந்த வழி சுற்றுவழியாக இருந்தாலும் அதையே தொடர்வார்கள். நம் ஆசிரியர் அறைக்கு இது அப்படியே பொருந்தும். காலாண்டுத் தேர்வு வினாத்தாள் நாளைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் யாரும் புதிய இயங்குதளம் கற்க மாட்டார்கள். எனவே மாற்றத்தை எந்த நாளில் தொடங்குகிறோம் என்பதும் எளிமையின் ஒரு பகுதி. நாங்கள் தேர்வும் பதிவு வேலையும் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

எங்கள் ஊருக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகள் லினக்ஸைப் பயன்படுத்துவது புதிய செய்தி அல்ல. 2001-இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம், படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அத்திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தை அது தயாரித்து வெளியிடுகிறது. 2019-இல் அதன் புதிய பதிப்பு வந்தபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது பயன்படும் என்றும், உரிமக் கட்டணத்தில் ரூ.3,000 கோடி மிச்சமாகும் என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது.

பணம் மிச்சமானதைவிட, அவர்கள் மாறிய விதம்தான் நமக்குப் பாடம். ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல்தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக இருந்தார். பாடநூலும், செய்முறைத் தேர்வும், கணினியில் இருக்கும் மென்பொருளும் ஒன்றாகவே இருந்தன. வகுப்பில் சிக்கல் வந்தால் கேட்பதற்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தார்.

மலைக்கு இந்தப் பக்கமும் முயற்சிகள் உண்டு. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், 2006-07 காலத்தில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்த்தே நிறுவித் தரப்பட்டது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஆதரவு கொண்டது.

அந்த மடிக்கணினியை வாங்கிய எங்கள் பகுதி மாணவர்கள் பலரிடம், ‘பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்ததுண்டா?’ என்று கேட்டிருக்கிறேன். ‘ஆன் செய்தால் இரண்டு பெயர் வரும் சார், நாங்க விண்டோஸைத்தான் அமுக்குவோம்’ என்பதே பெரும்பாலும் பதில். மென்பொருள் கையில் இருந்தது. அதைத் திறக்க ஒரு காரணமும், கூட இருந்து காட்ட ஒருவரும் இல்லை. நிறுவிக் கொடுப்பது மட்டும் மாற்றம் ஆகிவிடாது என்பதற்கு நம் வீடுகளிலேயே சான்று இருக்கிறது.

எந்த வரிசையில் மாறுவது என்பதற்கு பிரான்ஸ் நாட்டு ஜாந்தார்மரி காவல்படை நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் 2005-இல் அலுவலகச் செயலிகளை மட்டும் ஓப்பன் ஆஃபீஸுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு உலாவியையும் மின்னஞ்சல் செயலியையும் மாற்றினார்கள். அதுவரை விண்டோஸ் அப்படியே இருந்தது. எல்லோரும் புதிய செயலிகளில் பழகிய பிறகு, 2008 முதல் உபுண்டு வந்தது. அடியில் இருந்த இயங்குதளம் மாறியபோது, மேலே அவர்கள் தினமும் பார்க்கும் செயலிகள் மாறவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்து, பத்தாண்டுகள் உழைத்து லினக்ஸுக்கு மாறியது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. மாறுவது ஒரு நாளில் முடிந்து, பிறகு மறந்துவிடக்கூடிய வேலை அல்ல.

தமிழம்மாவின் வினாத்தாள்கள்

எங்கள் கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவிய அன்று, எல்லாம் நன்றாகவே போனது. இணையம் வந்தது, காணொலி ஓடியது, படவீழ்த்தி வேலை செய்தது. மறுநாள் தமிழம்மா தன் பென்டிரைவைச் செருகி ஒரு கோப்பைத் திறந்தார்.

“சார், இங்க வாங்களேன். என் கேள்வித்தாளெல்லாம் பூச்சி பூச்சியா தெரியுது.”

திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து கிடந்தன. பதினான்கு ஆண்டுகளாக அவர் ஒவ்வொரு பருவத்துக்கும் தட்டச்சு செய்து சேர்த்து வைத்த வினாத்தாள்கள், பயிற்சித்தாள்கள், மெல்லக் கற்போருக்கான எழுத்துப் பயிற்சிகள் எல்லாம் அந்தப் பென்டிரைவில் இருந்தன.

“அழிஞ்சு போச்சா சார்?”

“இல்லைங்க டீச்சர், அப்படியேதான் இருக்கு. எழுத்துரு மட்டும்தான் இல்லை.”

சொல்லிவிட்டேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மாறுவதற்கு முன்பே நான் சரிபார்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

இங்கே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்துகொள்வது நல்லது. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் உருவான காலத்தில், தமிழுக்கெனத் தனி எண்களைப் பொதுவாகப் பயன்படுத்தும் வழக்கம் வரவில்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றினார்கள். பாமினியில் ‘அ’ என்று நமக்குத் தெரிவது, கோப்புக்குள் 109 என்ற எண். அது ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தின் எண். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குவியல் தெரியும். வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளுக்கும் இதே நிலைதான்.

ஒருங்குறியில் அப்படி இல்லை. ‘அ’ எழுத்துக்கு 2949 என்ற தனி எண் உண்டு. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எதில் திறந்தாலும் அந்த எண் ‘அ’ ஒன்றையே குறிக்கும். எழுத்துரு மாறினால் எழுத்தின் அழகு மாறலாம்; எழுத்து மாறாது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தமிழுக்கான குறியீட்டுத் தரமாக அறிவித்து ஆணையிட்டது.

உங்கள் கோப்பு எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு வரியைத் தெரிவு செய்து, எழுத்துருவை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே இருந்தால் ஒருங்குறி. ஆங்கிலக் குவியல் ஆனால் பழைய வகை. மாற்றத்தை உடனே திரும்பப் பெற்றுவிடுங்கள். இந்தச் சோதனையை இயங்குதளம் மாறுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

பழைய வகைக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளும், இணையத்தில் இயங்கும் மாற்றிகளும் உள்ளன. நாங்கள் கற்றுக்கொண்ட சில குறிப்புகள் இவை:

• ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால், முழுவதையும் மாற்றியில் போடாதீர்கள். ஆங்கில வாக்கியங்களையும் அது தமிழெனக் கருதிக் குழப்பிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

• மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். ஒற்றெழுத்துகள், கொம்பு சேரும் எழுத்துகள், மேற்கோள் குறிகள், கணிதக் குறிகள் ஆகிய இடங்களில் பிழை வரலாம்.

• மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ‘பழையது’ என்று ஒரு கோப்புறையில் வைத்திருங்கள்.

தமிழம்மாவின் எல்லாக் கோப்புகளையும் ஒரே நாளில் மாற்ற முயலவில்லை. நடப்புப் பருவத்துக்கு வேண்டியவற்றை முதலில் மாற்றினோம். மீதியை வாரம் கொஞ்சமாக, ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் மெய்ப்புப் பார்க்க, தொடர்ந்து செய்தோம். அந்த மாணவிகளுக்கு அது நல்ல இலக்கணப் பயிற்சியாகவும் ஆனது.

தட்டச்சுப் பலகை

அடுத்த தடை விரல்களில் இருந்தது. தமிழ்த் தட்டச்சில் ஆளுக்கொரு பழக்கம். சிலர் பழைய தட்டச்சுப்பொறி முறை, சிலர் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறை, சிலர் தமிழ்99. லினக்ஸில் இவை எல்லாம் உண்டு. ‘ஐபஸ்’ என்ற உள்ளீட்டு அமைப்பும், அதனோடு ‘எம்17என்’ என்ற தொகுப்பும் நிறுவப்பட்டிருந்தால், தமிழ் என்பதன் கீழ் இந்த விசைப்பலகைகள் வரிசையாகக் காட்டப்படும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற எந்த விசையை அழுத்த வேண்டும் என்பதை அமைப்பில் ஒருமுறை பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவிடுங்கள். பாதித் தடுமாற்றம் தீர்ந்துவிடும்.

புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99-ஐப் பரிந்துரைப்பேன். சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். நடுவில் புள்ளி தானாக விழும். உயிர்மெய் உருவாகும் விதத்தை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இந்தத் தருக்கம் உடனே பிடிபடும். பட்டியலில் தமிழ்99 என்று ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்து, ஒன்றில் புள்ளி தானாக விழாவிட்டால், மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய தட்டச்சுப்பொறி முறையில் வேகமாக அடிப்பவரை முறை மாற்றச் சொல்லாதீர்கள். இயங்குதளமும் விசைப்பலகையும் ஒரே நேரத்தில் மாறினால் யாரும் சோர்ந்துபோவார்கள்.

முதல் வாரத்தில் தடுமாறும் இடங்கள்

• விண்டோஸில் பார்த்துப் பழகிய ‘சி டிரைவ்’, ‘டி டிரைவ்’ இங்கே தெரியாது. ஒவ்வொருவருக்கும் ‘இல்லம்’ என்று ஒரு கோப்புறை உண்டு. ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் அதற்குள் இருக்கும். பென்டிரைவ் செருகினால் கோப்பு மேலாளரின் இடப்பக்கம் தெரியும்.

• விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகள் இங்கே நேரடியாக இயங்கா. செயலிகளை ‘மென்பொருள் மேலாளர்’ வழியாகத் தேடி நிறுவ வேண்டும். கைப்பேசியில் பிளே ஸ்டோரில் செய்வது போலத்தான். நிறுவும்போது கடவுச்சொல் கேட்கும்.

• கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கருதப்படும். ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஒன்றும், சிறிய எழுத்தில் தொடங்கி ஒன்றும் வைத்தால் இரண்டு கோப்புகள் ஆகிவிடும். தமிழிலேயே பெயர் வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

• லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனியே அமைக்கப்படுகின்றன. ஆங்கிலத்துக்கு 12 புள்ளி வைத்திருந்தாலும் தமிழ் வேறு அளவில் வரலாம். பாணி அமைப்பில் இரண்டையும் ஒருமுறை சரிசெய்து, வினாத்தாள் வார்ப்புருவாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

• ஒரு கணினியில் இரண்டு பக்கத்தில் அடங்கிய வினாத்தாள், இன்னொன்றில் எழுத்துரு வேறுபாட்டால் மூன்று பக்கம் ஆகலாம். அச்சகத்துக்கோ வேறு பள்ளிக்கோ அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

• அச்சுப்பொறி பலவும் செருகியவுடன் வேலை செய்யும். சில பழைய லேசர் அச்சுப்பொறிகள் செய்யா. எங்களுக்கு முதல் நாள் அதிக நேரம் பிடித்தது இதுதான். இதையும் முன்கூட்டியே சோதியுங்கள்.

நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க, செய்ததைத் திரும்பப் பெறப் பயன்படும் கண்ட்ரோல் விசைக் குறுக்குவழிகள் அப்படியே வேலை செய்யும். உலாவியில் திறக்கும் தளங்களும் அப்படித்தான். எமிஸ் தளத்துக்குள் நுழைந்தபோது, ‘இதுல என்ன வித்தியாசம்?’ என்று இடைநிலை ஆசிரியர் ஒருவர் கேட்டார். அந்த வேலைக்கு வித்தியாசம் இல்லை என்பதே பதில்.

எந்தக் கணினியைத் தொடக் கூடாது?

ஆர்வத்தில் எல்லாக் கணினிகளையும் மாற்றிவிடக் கூடாது. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் துறையின் ஏற்பாட்டில் பராமரிக்கப்படுபவை. அவற்றில் நாமாக எதையும் நிறுவக் கூடாது. சம்பளப் பட்டியலுக்கான களஞ்சியம் பணிகளுக்கும், மின்கையொப்பச் சாதனத்துக்கும் பயன்படும் அலுவலகக் கணினியையும் அப்படியே விட்டுவிடுங்கள். சில சாதனங்களுக்கான மென்பொருள் விண்டோஸை எதிர்பார்க்கும். மாணவர் பெயரில் வந்த மடிக்கணினி மாணவருக்கே சொந்தம்; அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. பள்ளிக்குச் சொந்தமான, முக்கியத் தரவு எதுவும் இல்லாத ஒரே ஒரு பழைய கணினியைத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு எடுத்துக்கொள்வதே சரியான தொடக்கம்.

படிப்படியாக மாறும் முறை

முதல் படி: ஒரு வாரம் ஆசிரியர்கள் அந்தக் கணினியில் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். எங்கள் பட்டியல் பத்து வரிகளைத் தாண்டவில்லை. அந்தப் பத்தும் நடந்தால் போதும்.

இரண்டாம் படி: விண்டோஸில் இருந்தபடியே லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், வி.எல்.சி. ஆகியவற்றை நிறுவி ஒரு மாதம் பயன்படுத்துங்கள். ஜியோஜீப்ரா, ஸ்கிராட்ச், டக்ஸ் பெயிண்ட் ஆகியவையும் இரண்டு இயங்குதளங்களிலும் கிடைக்கின்றன.

மூன்றாம் படி: எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டில் நகலெடுங்கள். ஒருங்குறிச் சோதனையைச் செய்து, மாற்ற வேண்டியவற்றை மாற்றுங்கள்.

நான்காம் படி: 8 ஜி.பி. பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். வன்தட்டில் எதுவும் மாறாது. இணையம், ஒலி, படவீழ்த்தி, அச்சுப்பொறி நான்கும் வேலை செய்கின்றனவா என்று இங்கேயே தெரிந்துவிடும். லினக்ஸ் மின்ட் குறைந்தது 2 ஜி.பி. நினைவகத்தில் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் வசதி.

ஐந்தாம் படி: எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். வட்டில் இடம் இருந்தால் விண்டோஸையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸை நிறுவலாம். ஆனால் விலையில்லா மடிக்கணினியின் கதையை நினைவில் வையுங்கள். எந்த வேலைக்கு எதைத் திறப்பது என்று முடிவு செய்யாவிட்டால், கை பழையதையே தேடிப் போகும்.

ஆறாம் படி: முதல் இரண்டு வாரங்களுக்கு, கேட்டவுடன் வந்து உதவ ஒருவரை நியமியுங்கள். அவர் விசையைத் தானே அழுத்திக் கொடுக்கக் கூடாது. கேட்டவரின் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். மென்பொருளைத் தமிழில் விளக்கும் ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் வருகிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வக் குழுக்களும் உள்ளன.

வகுப்பறைக்குள்

இந்த மாற்றம் பாடத்துக்கு வெளியே இருக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் லிப்ரே ஆஃபீஸ் கால்க் ஒரு பாடமாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல்கள் விண்டோஸோடு உபுண்டுவையும் அறிமுகப்படுத்துகின்றன. படத்தில் காட்டிக் கடந்துபோன பாடத்தை இந்தக் கணினியில் செய்தே காட்டலாம்.

எட்டாம் வகுப்பில் ஒரு சிறிய செயல்பாட்டைச் செய்து பார்த்தோம். ஐந்து வேலைகளைக் கரும்பலகையில் எழுதினோம்: ஒரு கோப்புறை உருவாக்கு, அதற்குத் தமிழில் பெயர் வை, ஐந்து மதிப்பெண்களைக் கால்க்கில் உள்ளிட்டுக் கூட்டு, அதைச் சேமி, பென்டிரைவுக்கு நகலெடு. மாணவர்கள் இருவர் இருவராக வந்தார்கள். ஒருவர் செய்ய, மற்றவர் எங்கே தயங்கினார், எத்தனை முறை உதவி கேட்டார் என்று குறித்தார். தயங்கிய இடங்களைத் தொகுத்தபோது, பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் நின்றிருந்தார்கள். அந்த இடங்களுக்கு மட்டும் படம் வரைந்து ஒரு குறிப்பட்டை தயாரித்து ஒட்டினோம். மென்பொருள் நிறுவனங்கள் பயன்பாட்டு எளிமையைச் சோதிக்கும் முறையும் ஏறத்தாழ இதுதான்.

ஆசிரியர்களுக்கும் அதே ஐந்து வேலைகளைக் கொடுத்தோம். மாணவர்கள் தவறாக அழுத்திவிடுவோமோ என்று யோசிக்காமல் அழுத்திப் பார்த்தார்கள். நாங்கள் அழுத்துவதற்கு முன் யோசித்தோம். வேகத்தில் இருந்த வேறுபாட்டுக்கு வயதைவிட இந்தத் தயக்கமே காரணம் என்று எனக்குத் தோன்றியது. ‘தப்பா அமுக்கினா கெட்டுப்போயிடுமா சார்?’ என்று கேட்கும் சக ஆசிரியரிடம், ‘கோப்பு நகல் பத்திரமா இருக்கு, தாராளமா அமுக்குங்க’ என்று சொல்லக்கூடிய நிலையை முதலில் உருவாக்கினால், மீதிப் பழக்கம் தானாக வரும்.

அந்தக் கணினி இப்போது எட்டாம் வகுப்பின் கால்க் பாடத்துக்கும், ஆசிரியர்களின் வினாத்தாள் வேலைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சுப்பொறிச் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை; பி.டி.எஃப். ஆக்கிப் பக்கத்து அறைக் கணினியில் அச்செடுக்கிறோம்.

தமிழம்மா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பதினான்கு ஆண்டு வினாத்தாள்களில் பாதிக்கு மேல் ஒருங்குறிக்கு மாறிவிட்டன. வகுப்பு வாரியாக, பாடம் வாரியாகக் கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்து அவரே அடுக்கியிருக்கிறார். சென்ற வாரம் ஒன்றைத் தன் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு, “எனக்கப்புறம் வர்றவங்க எந்தக் கம்ப்யூட்டர் வச்சிருந்தாலும் இது திறக்கும்ல சார்?” என்று கேட்டார். திறக்கும் என்றேன்.